சண்டைக்கு ஒரு மணி நேரம்

வாசலில் நின்று அமர்வு நெறிகளை வாசிப்பதில்தான் உளவியலாளர் எழினியின் நாள் தொடங்கும். உள்ளே போய் உட்கார்ந்து நிதானமாக வாசிக்கலாமே என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். முடியாது. கதவு நிலைக்கு மேலே பதித்திருக்கும் செவி என்ற கருவியின் காதில் விழும்படிதான் வாசிக்க வேண்டும். கதவைத் தாண்டிவிட்டால் அதற்கு எதுவும் கேட்காது. ஆகவே வந்தவரும் உளவியலாளரும், ஐயர் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லும் மாப்பிள்ளையும் பெண்ணும் போல அருகருகே நின்று, சுவரில் ஒளிரும் வரிகளை ஒரே குரலில் படிப்பார்கள். பொள்ளாச்சியில் இப்படிப் படிக்கத் தெரியாதவர்கள் இன்று குறைவு.

அன்றைக்கு வந்திருந்தவர் பெயர் சஞ்சித். சஞ்சித், தர்ஷன், ஹரிணி எல்லாம் தாத்தா பாட்டிகளின் பெயராகிவிட்ட காலம் அது. தென்னை நார் ஆலையில் மேற்பார்வை பார்த்து ஓய்வு பெற்றவர். மாடிப்படி ஏறி வந்த மூச்சிரைப்பு அடங்குவதற்குள்ளேயே வாசிக்க ஆரம்பித்துவிட்டார்.

“அமர்வு ஒரு மணி நேரம். தாமதமாக வந்தால் தாமதம் வந்தவருடையது, நேரம் நீட்டிக்கப்படாது. வர இயலாவிட்டால் ஒரு நாள் முன்னதாகத் தெரிவிக்க வேண்டும். இங்கே சொல்லப்படும் எதையும் உளவியலாளர் எவரிடமும் சொல்ல மாட்டார். சொன்னவர் இறந்த பின்னும் சொல்ல மாட்டார். அமர்வு முடியும் வரை உளவியலாளர் அறையை விட்டு வெளியேற மாட்டார்.”

இங்கே அவர் நிறுத்தினார். “எப்பவுமேங்களா, டாக்டரம்மா?”

“எப்பவுமேதான்.”

“ஒரு அவசரம்னாக்கூட?”

“நான் வெளியே போனா அமர்வு முடிஞ்சதா அர்த்தம். ரெண்டு பேரும் வெளியே வந்துடணும்.”

அவர் தலையாட்டிவிட்டு மீதி வரிகளைச் சுரத்தில்லாமல் படித்து முடித்தார். செவி இனிமையான குரலில், “ஒப்புதல் பதிவானது. நல்ல நேரமாக அமையட்டும்” என்றது. அதன் குரலில் ஒரு குறையும் சொல்ல முடியாது. பெற்ற தாய்கூட அப்படிக் குழைந்து பேச மாட்டாள்.

செவி என்று ஊரே சுருக்கிச் சொல்லும் நலச்செவி, எழினி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் வீடுகளுக்குள் வந்தது. அதைப் பெரிய கொடுமை என்று எண்ணிவிட வேண்டாம். அது வந்த பிறகு அடிபட்டுச் செத்த பெண்கள் அநேகமாக இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு விபரீத முடிவெடுத்த பிள்ளைகளும் குறைந்துபோனார்கள். செவி யாரிடமும் கோள் சொல்லாது. கூடத்தில் ஒரு குரல் உயர்ந்தால், “ஏதாவது உதவி வேண்டுமா?” என்று கேட்கும். இன்னொரு முறை உயர்ந்தால் நல அலுவலர் வந்து கதவைத் தட்டுவார். அவ்வளவுதான். அந்த அவ்வளவுதானுக்கு நாடே பழகிக்கொண்டது. குரலைத் தாழ்த்தி, சொற்களை வடிகட்டிப் பேசும் பேச்சுக்கு வீட்டுப்பேச்சு என்று பெயரும் வைத்தாகிவிட்டது. பிள்ளைகள் அதைத் தாய்ப்பாலோடு கற்றுக்கொண்டார்கள்.

சட்டம் ஒரே ஓர் இடத்துக்கு விலக்குக் கொடுத்திருந்தது. உரிமம் பெற்ற உளவியலாளரின் அறையில் செவி இருக்கக் கூடாது. சுவருக்குள் ஓசைத்தணிப்பான் ஓட வேண்டும். ஜனங்கள் அதைக் காதில்லா அறை என்றார்கள். முதல் தடவை வருகிறவர்களில் பாதிப் பேர் உட்கார்ந்ததும் மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரு கெட்ட வார்த்தையை மெல்லச் சொல்லிப் பார்ப்பார்கள். ஒன்றும் நடக்காது. பிறகு சிரிப்பார்கள், அல்லது அழுவார்கள்.

சஞ்சித் இரண்டும் செய்யவில்லை. “எனக்கு நோவு மனசுல இல்லீங்க, நுரையீரல்ல” என்றார். “அது காஞ்சுக்கிட்டே வருதுன்னு பெரிய ஆஸ்பத்திரியில சொல்லிப்போட்டாங்க. மாத்தி வைக்கிற வயசும் தாண்டிருச்சு. அதுக்குள்ள என்ற சம்சாரத்துகிட்ட ஒரு சண்டை போடோணுமுங்க.”

எழினி எத்தனையோ விதமான ஆசைகளைக் கேட்டிருக்கிறாள். இது புதிது. “சண்டையா?”

“ஆமாங்க. சண்டை போடறதுக்கு மூச்சு வேணுமுங்களே. இன்னுங் கொஞ்ச நாள்ல அது இருக்காது.”

சொல்லச் சொல்ல விஷயம் விளங்கியது. செவி வந்த புதிது. கல்யாணமாகிச் சில வருடங்கள்தான். அவருடைய அம்மாவை வீட்டோடு வைத்துக்கொள்வதா, தம்பி வீட்டுக்கு அனுப்புவதா என்று ஒரு பேச்சு. பேச்சு தடித்தது. அவர் குழம்புச் சட்டியைத் தூக்கிச் சுவரில் அடித்தார். செவி, ‘உதவி வேண்டுமா?’ என்றது, அவர் செவியையும் சேர்த்துத் திட்டினார். நல அலுவலர் வந்து அவருடைய மனைவி வர்ணிகாவைத் தனியே அழைத்துப்போய், “உங்களுக்குப் பயமா இருக்காம்மா?” என்று கேட்டார். அவள் ஆமாம் என்றாள். அந்த ஓர் ஆமாமுக்கு அவர் ஒன்றரை மாதம், கோபக்காரர்களை அடைத்து வைக்கும் தணிவகத்தில் இருந்தார். அந்த ஒன்றரை மாதத்துக்குள் அவருடைய அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். அனுமதி கிடைத்து அவர் ஓடி வருவதற்குள் தம்பி கொள்ளி வைத்து முடித்திருந்தான்.

“வீட்டுக்கு வந்தேனுங்க. ‘வாங்க, சாப்புடலாமுங்க’ன்னா. ‘சரி’ன்னேன். அன்னையில இருந்து இன்னைக்கு வரைக்கும் சரிதான். அவ ஒண்ணு சொன்னா நான் சரிம்பேன், நான் ஒண்ணு சொன்னா அவ சரிங்கம்பா. ஊருல எங்களைப் போல ஜோடி இல்லைன்னு சொல்லுவாங்க. சண்டையே வரலீங்க. சண்டை வந்தாத்தானே சமாதானம் ஆக முடியும்?”

“அவங்ககிட்ட என்ன கேட்கணும்?”

அவர் சட்டென்று எழுந்துவிட்டார். கழுத்து நரம்பு புடைத்தது. “ஏண்டீ ஆமான்னு சொன்னேன்னு கேக்கோணும்! பெத்தவ மூஞ்சிய நான் கடைசியாப் பாக்க முடியாமப் பண்ணிட்டியேடீ, உனக்கு…”

எழினியின் கை தானாக உயர்ந்தது. பல வருடப் பழக்கம். “மெதுவா. உட்காருங்க. மூச்சை இழுங்க… அப்படியே விடுங்க. தண்ணி குடிங்க.” அவர் உடனே உட்கார்ந்து சொன்னபடி செய்தார். அடங்குவதில் அவரும் தேர்ந்தவர்தான். நல்ல முன்னேற்றம் என்று எழினி மனதுக்குள் குறித்துக்கொண்டாள். கழுத்து நரம்பு இறங்கியதில் அவளுக்கு ஒரு திருப்திகூட இருந்தது. பின்னாளில் எழினி அதிகம் நொந்துகொண்டது இந்த இடத்தை நினைத்துத்தான்.

தண்ணீர் குடித்த பிறகு அவர் வேறு குரலில் பேசினார். “அவ பயந்தது நெசந்தானுங்க. சட்டிய வீசிப்போட்டு அவ மேல கையை ஓங்கிட்டேன். செவி மட்டும் கேக்காம இருந்திருந்தா அடிச்சிருப்பேன். அவ சொன்னதுல தப்பில்லை. ஆனாக் கோவமும் போகலீங்க. ரெண்டும் இருக்குது. கத்தித் தீர்த்துட்டு, உன்ற மேல தப்பில்லைடீன்னு சொல்லோணும். கத்தாமச் சொன்னா அவளும் சரிங்கன்னுட்டு டீ போடப் போயிருவா.”

அடுத்த வாரம் மனைவியைக் கூட்டிவந்தார். வர்ணிகா மெலிந்த, நிமிர்ந்த பெண்மணி. பின்னலில் நரை முழுதாக ஏறியிருந்தது. வாசலில் நெறிகளைக் கணவரோடு சேர்ந்து பிசகாமல் வாசித்தார். உள்ளே போனதும் சஞ்சித் கேட்டார்.

“டாக்டரம்மா, தப்பா நெனைக்காதீங்க. நீங்க கொஞ்சம் வெளியே இருக்கோணும். ஒரு மணி நேரந்தான்.”

எழினி தயங்கினாள். அந்த விதியை எழுதிய குழுவில் அவளும் இருந்தாள். சரியாகச் சொன்னால் அந்த வரி அவளுடையது. ஓர் ஊரில் ஓர் உளவியலாளர் காதில்லா அறையை நிலத் தரகர்களுக்கு மணிக்கணக்கில் வாடகைக்கு விட்டது அம்பலமானது. இன்னோர் ஊரில் ஓர் ஆள் மனைவியை அப்படிப்பட்ட அறைக்குள் கூட்டிப்போய் எலும்பு முறிய அடித்தான். ஒரு சத்தமும் வெளியே வரவில்லை. அதன் பிறகுதான் உளவியலாளர் வெளியேறக் கூடாது என்ற வரி வந்தது. எதிரே இருப்பவரோ ஒரு காலத்தில் கை ஓங்கியவர், அவர் வாயாலேயே சொன்னது.

“அது முடியாதுங்க. நான் ஒரு ஓரமா உட்கார்ந்துக்கறேன். நான் இருக்கிறதையே மறந்துட்டுப் பேசுங்க.”

மறக்க முடியுமா? மூன்றாம் மனுஷி ஒருத்தி உட்கார்ந்திருந்தால் காதில்லா அறைக்கும் காது முளைத்துவிடும். சஞ்சித் தொண்டையைச் செருமினார். “வர்ணி, அன்னைக்கு நடந்ததைப் பத்திப் பேசலாம்னு…” என்றார். “எதுங்க?” என்றார் வர்ணிகா. “அதான், அம்மா தவறுன சமயம்.” “ஆமாங்க. உங்களுக்குச் சங்கடமா இருந்திருக்கும்.” “உனக்கும்தான்.” “பரவாயில்லீங்க.” இரண்டு பேரும் எழினியை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்கள். பிறகு வர்ணிகா கணவரின் கழுத்துத் துண்டைச் சரி செய்தார். இந்தக் குளிரூட்டி அவர் நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளாது, கொஞ்சம் குறைக்க முடியுமா என்று எழினியிடம் பணிவாகக் கேட்டார். அந்த ஒரு மணி நேரமும் வீட்டுப்பேச்சிலேயே கழிந்தது.

எழுந்தபோது சஞ்சித், “அடுத்த தடவையாவது…” என்று இழுத்தார்.

“நான் உளவியலாளர் மன்றத்துக்கு எழுதிக் கேக்கறேன்” என்றாள் எழினி. “சிறப்பு அனுமதி கொடுக்க வழி இருக்கான்னு.”

“சரிங்க” என்றார் அவர். எத்தனையோ சரிகளைக் கேட்டுச் சலித்தவர், அதையே தன் பங்குக்கும் ஒன்று சொல்லிவிட்டுப் படியில் இறங்கினார்.

எழினி எழுதினாள். மன்றமும் பதில் எழுதியது, கோரிக்கை பரிசீலனையில் இருப்பதாக. அடுத்த வாரம் சஞ்சித்தின் நேரம் வந்தது, அவர் வரவில்லை. எழினி காலி நாற்காலிக்கு எதிரே காத்திருந்துவிட்டு, இருமல் அதிகமாகியிருக்கும் என்று எண்ணிக்கொண்டு எழுந்தாள். அனுமதி வந்தால் சொல்லிக்கொள்ளலாம் என்று அவள் அழைத்தும் பார்க்கவில்லை.

அதற்கடுத்த வாரம், அதே நேரத்துக்கு, வர்ணிகா தனியாக வந்து வாசலில் நின்றார். கழுத்து மூளியாக இருந்தது. எழினிக்குப் புரிந்துவிட்டது. அந்தப் புரிதலை நெறி வாசிப்புக்கு அப்பால் தள்ளி வைக்க வேண்டியிருந்தது, செவி காத்துக்கொண்டிருந்தது. இருவரும் வாசித்தார்கள். “சொன்னவர் இறந்த பின்னும் சொல்ல மாட்டார்” என்ற வரியை வர்ணிகா மட்டும் கொஞ்சம் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகப் படித்தார்.

உள்ளே வந்து உட்கார்ந்ததும் கைப்பேசியை நீட்டினார். எழினியின் நிலையத்திலிருந்து தானாகப் போன செய்தி: முன்னறிவிப்பின்றி அமர்வுக்கு வராதது குறித்து வருந்துகிறோம், அடுத்த முறை வர இயலாவிட்டால் ஒரு நாள் முன்னதாகத் தெரிவிக்கவும்.

“எங்களுக்கே முந்தின நாள் தெரியலீங்க” என்றார் வர்ணிகா. அதில் குத்தல் இல்லை. வீட்டுப்பேச்சில் குத்தலுக்கு இடமில்லை. “அன்னைக்கு விடியக்காலம் டீ கொண்டுபோய்க் குடுத்தேன். கையில வாங்கிட்டாரு. குடிக்கலீங்க.”

எழினி மன்னிப்புக் கேட்டாள். அந்தச் செய்தி இயந்திரம் அனுப்பியது என்றாள். அதைச் சொன்ன உடனேயே வெட்கமாகவும் இருந்தது.

“அதை விடுங்க. அவரு இங்க தனியா வந்தப்ப என்ன பேசினாருங்க?”

எழினி கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தாள்.

“சொல்லக் கூடாதுன்னு இப்பத்தான் என்ற வாயாலேயே படிச்சேன். தெரியுமுங்க. ஆனா எனக்குக் கேக்க வேற ஆள் இல்லை. அன்னைக்கு நான் ஆமான்னு சொன்னேன். அதுல இருந்து ஒரு நாள், ஒரே ஒரு நாள், ஏண்டீ சொன்னேன்னு அவரு கேக்கலை. கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன். சட்டிக்குப் பயப்படலைய்யா, உன்ற கண்ணுக்குப் பயந்தேன்னு. அத்தை போயிருவாங்கன்னு எனக்கென்ன சோசியமா தெரியும்? என்னைத் திட்டியாவது இருக்கலாம். அப்படியே மனசுல வெச்சுக்கிட்டே போயிட்டாருங்களா? அது மட்டும் தெரிஞ்சாப் போதும்.”

எழினி கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இறந்த பின்னும் என்ற சொற்களைச் சேர்க்கச் சொல்லி அந்தக் குழுவில் வாதாடியவளும் அவள்தான். அந்த வாதத்தில் இப்போதும் ஓட்டை ஒன்றும் தெரியவில்லை. விதி சரியாகத்தான் இருந்தது. ஆனால் எதிரில் இருந்த பெண்மணிக்கு உரிய ஒரு பொருள் தன்னிடம் இருக்கிறது என்பதும், அதை வைத்துக்கொள்ளத் தனக்கு உரிமை இல்லை என்பதும் அதே அளவுக்குச் சரி. அவள் சொல்லிவிடத் தீர்மானித்தாள்.

“உங்க கணவர் தன்னோட தவறை முழுசா உணர்ந்திருந்தார். அன்னைக்கு நீங்க பயந்ததுல நியாயம் இருக்குன்னு ஏத்துக்கிட்டார். உங்க மேல தப்பில்லைன்னு சொன்னார். அதை உங்ககிட்ட நேரடியாச் சொல்லணும்னு விரும்பினார்.”

சொல்லி முடித்ததும் நெஞ்சில் ஒரு பாரம் இறங்கியது போல இருந்தது. உரிமம் போனால் போகட்டும். வர்ணிகாவின் முகத்தைப் பார்த்தாள். அங்கே ஒன்றும் இறங்கியிருக்கவில்லை.

“இப்படியேவா சொன்னாரு?”

“கருத்து இதுதான்.”

“இந்த மாதிரிதாங்க வீட்டுல தினமும் பேசிக்கிட்டிருந்தோம்” என்றார் வர்ணிகா. “கோவமாச் சொல்லலீங்களா? ஒரு வார்த்தை, ஏண்டீன்னு?”

எழினியால் பொய் சொல்ல முடியவில்லை. “சொல்ல ஆரம்பிச்சார். எழுந்து நின்னு, ஏண்டீன்னு சத்தமா… நான்தான் உட்கார வெச்சேன். தண்ணி கொடுத்தேன். மூச்சை மெதுவா விடச் சொன்னேன்.”

“விட்டுட்டாருங்களா?”

“விட்டுட்டார்.”

வர்ணிகா கைப்பேசியைப் பைக்குள் வைத்தார். அவர் கண் கலங்கவில்லை. பிறகு, “எனக்குன்னு வெச்சிருந்தாரு. நீங்க வாங்கி வெச்சுக்கிட்டீங்க” என்றார்.

இதைக் கேட்டதும் எழினிக்கு அழுகை வந்தது. எதிரே இருப்பவர் அழாதபோது உளவியலாளர் அழக் கூடாது என்பதும் நெறிதான். அவள் அழுதாள். அந்த ஆள் கேட்டது ஓர் அறையும் ஒரு சாத்திய கதவும். அவள் கொடுத்தது தண்ணீரும் மூச்சுப் பயிற்சியும், மன்றத்துக்கு ஒரு விண்ணப்பமும். பயந்து பயந்து எழுதிய விதிக்குள் கடைசியில் தானே ஒரு செவியாகி உட்கார்ந்திருந்தோம் என்பது இப்போது அவளுக்கு உறைத்தது. சுவரில் பதித்த செவிக்காவது கேட்கும் வேலை மட்டும்தான். அவள் கேட்டதோடு நில்லாமல் அடக்கியும் வைத்தாள்.

“நான் என்ன செய்யட்டும்மா, சொல்லுங்க” என்றாள்.

வர்ணிகா சஞ்சித் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்தார். “இங்க கத்தினா ஆருக்குமே கேக்காதுங்களா?”

“கேக்காது.”

“உங்களுக்குக் கேக்குமே.”

எழினி எழுந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்து வெளியே போய், பின்னால் அதை அழுத்திச் சாத்தினாள்.

செவி உடனே பேசியது. “உளவியலாளர் வெளியேறியுள்ளார். வந்தவர் இன்னும் உள்ளே இருக்கிறார். இது நெறி மீறல். ஏதாவது உதவி வேண்டுமா?”

“வேண்டாம்” என்றாள் எழினி.

“மன்றத்துக்குத் தெரிவிக்கப்படுகிறது. உங்கள் குரலில் நடுக்கம் உள்ளது. சற்று மூச்சை…”

“வாயை மூடு!”

அவளுடைய குரல் மாடிக் கூடமெங்கும் மோதித் திரும்பியது. கீழே துணிக்கடையில் யாரோ நிமிர்ந்து பார்த்தார்கள். இத்தனை சத்தம் தனக்குள் இருந்தது அவளுக்கே தெரியாது. கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். மரத்துக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று அறிய வழியில்லை. தணிப்பான் தன் வேலையைக் குறைவில்லாமல் செய்தது. இந்தக் கதவுக்கு வெளியே அன்றைக்கே இப்படி நின்றிருந்தால், உள்ளே இரண்டு பேர் இருந்திருப்பார்கள். அவள் அஞ்சியதும் நடந்திருக்கலாம். நடக்காமலும் போயிருக்கலாம். இனி யாருக்கும் தெரியப் போவதில்லை.

நல அலுவலர் படியேறி வரும் சத்தம் கேட்கத் தொடங்கியபோது கதவு திறந்தது. வர்ணிகாவின் பின்னல் அவிழ்ந்திருந்தது. முகம் சிவந்து வீங்கியிருந்தது. குரல் கரகரத்துப் போயிருந்தது. வீட்டுப்பேச்சுக்கு இனிக் கொஞ்ச நாள் உதவாது.

“முடிஞ்சுதாம்மா?” என்று கேட்டாள் எழினி.

வர்ணிகா தலையை அசைத்தார். இல்லை என்றுதான் பட்டது.

“நல்லாக் கத்தினேனுங்க. எல்லாத்தையும் கேட்டேன்” என்றார். “எதுத்து ஒரு வார்த்தை பேசறதுக்குத்தான் ஆளில்லீங்களே, டாக்டரம்மா.”